பேக்கரி மாவும் ஆஸ்துமாவும்: முதலாளிமார் எழுதாத ஒரு செலவு

எமது பேக்கரியில் கணக்கு எழுதும் பழக்கம் வாப்பாவின் காலத்திலிருந்து வருகின்றது. 1978 இல் அவர் கண்டி வீதியோரத்தில் ஒரு விறகுப் போறணையுடன் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து, மா எத்தனை மூடை, சீனி எத்தனை மூடை, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதெல்லாம் நீளக் கொப்பியில் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. 2004 இல் பொறுப்பு என் கைக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. மற்றக் கணக்குகள் கம்பியூட்டருக்குப் போய்விட்டன. அட்வான்ஸ் கொப்பி மாத்திரம் இன்றும் மேசை லாச்சியில்தான் இருக்கின்றது.

அந்தக் கொப்பியில் 2012, 2013, 2014 ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். "பாஸ் - மருந்துக்கு." சில கிழமைகளில் இரண்டு தடவை. பக்கத்திலேயே "பாஸ் - வேலைக்கு இல்லை" என்ற குறிப்பும் இருக்கும். அதற்குக் கீழே நான் சிவப்புப் பேனாவால் கழித்த நாட்சம்பளமும் இருக்கும். மூன்று வருடமாக என் கையாலேயே எழுதிய கணக்கு அது. அதில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை நான் வாசிக்கவில்லை.

பாஸ் என்று நான் சொல்வது எமது மூத்த பேக்கரை. புத்தளம் பக்கத்தைச் சேர்ந்தவர். 1996 இல் இளம் பையனாக வாப்பாவிடம் வந்து சேர்ந்தார். தட்டுக் கழுவி, பணிஸ் உருட்டி, போறணையில் நின்று, கடைசியில் மா கலக்கும் பொறுப்புக்கு வந்தவர். ஈஸ்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மழை நாளில் எதைக் குறைப்பது என்பதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். பேக்கரி நடத்துகின்ற வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல பாஸ் ஒருவர் இரண்டு நாள் இல்லாவிட்டால் பாண் புளிக்கும், அல்லது எழும்பாது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். மூன்றாம் நாள் அவர்கள் வேறு பேக்கரியில் பாண் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் வந்தது தும்மல். 2010 அளவில் இருக்கும். மா மூடையை வெட்டியதும் பத்துப் பதினைந்து தும்மல் தொடர்ந்து போடுவார். கண் சிவக்கும், மூக்கு ஒழுகும். பையன்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கின்றேன். பேக்கரிக்காரனுக்குத் தும்மல் வருவதும் மீன்காரனுக்கு மீன் வாடை அடிப்பதும் ஒன்றுதான் என்று நினைத்தோம். அடுத்ததாக இருமல். பிறகு நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். 2012 ஆகும்போது மாடிப்படி ஏறவும் நின்று நின்றுதான் ஏறினார். முட்டு வருத்தம் என்றார்கள். பாமசியில் நீலப் பம்ப் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போறணையை மாற்றினேன்

என் முதல் சந்தேகம் புகையில் விழுந்தது. விறகுப் போறணைப் புகை கண்ணைக் கரிக்கும், நெஞ்சைக் கமறவைக்கும். ஆகவே 2013 இல் கடன் எடுத்து டீசல் போறணை ஒன்று போட்டேன். பாஸின் நெஞ்சுக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் பொய். விறகு வாங்குவதும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இனிமேல் வருத்தம் குறைந்துவிடும் என்று அவரிடமே சொன்னேன். புகை போனது, வருத்தம் போகவில்லை.

அதன் பிறகு என் சந்தேகம் பாஸின் மீதே திரும்பியது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. அவர் ஊருக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தால் ஆள் செழிப்பாக இருப்பார், இருமல்கூட இராது. வேலையில் இறங்கி இரண்டு மூன்று நாளில் மறுபடியும் நெஞ்சைப் பிடிப்பார். ஊரில் நன்றாக இருக்கும் மனிதனுக்கு வேலைக்கு வந்ததும் வருத்தம் வருகின்றதென்றால் அதற்குப் பெயர் சோம்பல் என்று முடிவு கட்டினேன். வேறு பேக்கரியில் கூடுதல் சம்பளம் பேசியிருக்கின்றாராக்கும், அதற்குத்தான் இந்த நடிப்பு என்று என் மச்சானிடமும் சொன்னேன். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தது அந்த நாட்களில்தான்.

2014 நோன்புப் பெருநாளுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தார். வந்து நாலாம் இரவு, மா பிசைந்து முடித்துப் படுக்கப் போனவருக்கு விடியற்காலை மூச்சே எடுக்க முடியவில்லை. பம்பை எத்தனை தடவை அடித்தும் கேட்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பாண் கொண்டுபோகும் முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மாஸ்க் வைத்து மருந்து பிடித்து, ஒட்சிசன் கொடுத்து, நான்கு நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள்.

டொக்டர் கேட்ட கேள்வி

பிறகு நெஞ்சு நோய் கிளினிக்குக்குத் துண்டு கொடுத்தார்கள். நானும் கூடப் போனேன். அதுவரை அவர் காட்டிய கிளினிக் கொப்பிகளில் தொழில் என்ற இடத்தில் "தொழிலாளி" என்று மட்டும் எழுதியிருந்தது. அன்றிருந்த டொக்டர் அதோடு விடவில்லை. என்ன வேலை, எத்தனை வருடம், எந்த நேரத்தில், எங்கே படுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, லீவில் போனால் எப்படி என்றும் கேட்டார்.

"ஊர்ல நல்லா ஈக்கிது டொக்டர். பெருநாளைக்கிப் பெய்த்து பத்து நாள் நின்டன், ஒரு தடவ சரி பம்ப் அடிக்கல்ல. இங்க வந்தாத்தான் புடிச்சிக்கிது" என்றார் பாஸ்.

எதை வைத்து நான் அவரைச் சோம்பேறி என்று தீர்மானித்தேனோ, அதையே வைத்து அந்த டொக்டர் இது மாவினால் வருகின்ற வருத்தம் என்று சந்தேகித்தார். லீவில் குறைந்து வேலையில் கூடினால், வேலைத்தளத்தில் உள்ள ஏதோவொன்றைத்தான் முதலில் தேட வேண்டும் என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமிருக்கவில்லை.

பேக்கர்களுக்கு மாவினால் வரும் ஆஸ்துமா புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல. இத்தாலியில் பேர்னாடினோ ரமாசினி என்ற வைத்தியர் 1700 ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மா அரைப்பவர்களும் பாண் சுடுபவர்களும் மாத்தூசியைச் சுவாசித்து இருமலும் மூச்சு முட்டலும் அடைவதை அவர் அதில் விவரித்திருக்கின்றார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு "உன் தொழில் என்ன" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று வலியுறுத்தியவரும் அவரே. முந்நூறு வருடத்துக்குப் பிறகு எமது பாஸுக்கு அந்தக் கேள்வி கிடைப்பதற்கு மூன்று வருடமும் ஒரு அம்புலன்ஸ் இல்லாத இரவும் தேவைப்பட்டன.

டொக்டர் விளங்கப்படுத்தியதை என் மொழியில் சொல்கின்றேன். கோதுமை மாவில் உள்ள புரதங்களைச் சிலருடைய உடம்பு எதிரியாக நினைத்து, ஐ.ஜி.ஈ. என்ற ஒரு வகைப் பிறபொருளெதிரியை உண்டாக்கிக்கொள்கின்றது. இது ஒரு நாளில் நடப்பதல்ல. மாதக் கணக்கில், பலருக்கு வருடக் கணக்கில், தூசியைச் சுவாசித்த பிறகு நடக்கின்றது. அதனால்தான் "இத்தனை வருடமாக இதே மாவில் வேலை செய்தேனே, இப்போது மட்டும் ஏன்" என்று எல்லோரும் ஏமாறுகின்றார்கள். ஒருமுறை உடம்பு அப்படிப் பழகிவிட்டால் அதன் பிறகு மிகக் கொஞ்சத் தூசியே போதும். மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கிச் சளி கட்டிக்கொள்ளும். தும்மலும் கண் எரிவும் பெரும்பாலும் முன்னால் வரும், முட்டு பின்னால் வரும். நாங்கள் சிரித்த அந்தத் தும்மல்தான் முதல் எச்சரிக்கை.

எங்களைக் குழப்பிய இன்னொரு விடயமும் உண்டு. சிலருக்கு மா பட்ட சில நிமிடங்களிலேயே முட்டு வரும். சிலருக்கு நான்கு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் கழிந்துதான் வரும். இரவில் மா பிசைந்தவருக்குக் காலையில் படுக்கையில் வரும்போது வேலையை யார் நினைப்பது? பாயும் தலையணையும்தான் பழி கேட்கும்.

எமது பேக்கரியில் அந்தப் பாயும் குற்றமற்றது அல்ல. தூர ஊர்ப் பையன்கள் பேக்கரியிலேயே தங்குவது எமது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. எங்களுடைய பையன்கள் படுத்தது மா மூடை அடுக்கியிருந்த மேல்மாடியில். வேலை செய்யும்போதும் மா, தூங்கும்போதும் மா. இருபத்துநான்கு மணித்தியாலமும் பாஸின் நெஞ்சுக்கு ஓய்வே கொடுக்கவில்லை. மூடைகளுக்கிடையில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் இதே வருத்தத்தைக் கொடுக்கும் என்று பிறகு அறிந்தேன்.

மா மட்டுமல்ல, பாண் நன்றாக எழும்ப நாம் சேர்க்கும் இம்புறூவர் தூளும் கவனிக்கப்பட வேண்டியது. அதில் பல வகைகளில் அல்பா அமைலேஸ் என்ற நொதியம் சேர்க்கப்படுகின்றது. ஒரு வகைப் பூஞ்சணத்திலிருந்து எடுக்கப்படும் இது மாவைவிடக் கொஞ்சமாகப் பாவிக்கப்பட்டாலும் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பலமானது. எமது பையன்கள் அதைக் கையால் அள்ளி, ஊதித் தட்டித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த டொக்டர் ஒரு பீக் புளோ மீற்றர் வாங்கச் சொன்னார். பெரிய மெசின் ஒன்றுமல்ல, ஒரு குழாய். பலமாக ஊதினால் ஊசி நகரும். ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு தடவை, வேலை நாட்களிலும் லீவு நாட்களிலும், சில கிழமைகளுக்கு ஊதி எழுதிவர வேண்டும். ஊரில் இருந்த நாட்களில் 400 க்குக் கிட்டே நின்ற ஊசி, வேலைக்கு வந்த மூன்றாம் நாள் 280 க்கு இறங்கியிருந்தது. கணக்கு எழுதும் எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு கொழும்பில் தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனையிலும் கோதுமை மா வைத்த இடம் வீங்கிற்று.

அன்றிரவு அட்வான்ஸ் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பெருநாட்கள், வெசாக் லீவு, அவருடைய மகள் பிறந்தபோது போய் நின்ற இரண்டு கிழமை. அந்த நாட்களிலும் அவை முடிந்த ஓரிரு நாட்களிலும் "மருந்துக்கு" என்ற வரியே இல்லை.

அடுத்த பிழை

விடயம் தெரிந்த பிறகும் நான் சரியாகச் செய்யவில்லை. டொக்டர் சொன்னது, மாத்தூசியிலிருந்து முற்றாக விலக வேண்டும் என்று. எவ்வளவு சீக்கிரம் விலகுகின்றாரோ அவ்வளவுக்குச் சுகம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், தாமதித்தால் வேலையை விட்ட பிறகும் வருத்தம் நின்றுவிடலாம் என்றார். பழுப்பு நிறப் பம்பைத் தினமும் பாவிக்கச் சொன்னார். ஆனால் அந்த மருந்து இருக்கின்றது என்று மாவுக்குள் நிற்க முடியாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

எனக்குப் பாஸை விட மனமில்லை. அவருக்கும் வேலையை விட முடியாது. மூன்று பிள்ளைகள், ஊரில் அரைகுறையாக நிற்கும் வீடு. ஆகவே இருவருமாக ஒரு உபாயம் செய்தோம். மா கலப்பதை வேறொருவர் செய்யட்டும், பாஸ் போறணைப் பக்கம் நின்று மேற்பார்வை செய்யட்டும் என்று. ஒரே கூரை, ஒரே காற்று. இரு கதவுகளுக்கிடையில் ஒரு திரைச்சீலை. அப்படியே பத்து மாதம் போயிற்று. இரண்டு தடவை மீண்டும் ஆஸ்பத்திரி. 2015 நடுப்பகுதியில் அவரே வந்து, "மொதலாளி, நான் பெய்த்து வாரன்" என்றார். என் கணக்கில் ஒரு தொகை கொடுத்தேன். அது நியாயமான தொகைதானா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த நாட்டில் 1934 ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. கை வெட்டுப்பட்டால் மட்டும் அதற்குரியது என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். தொழிலினால் வரும் குறித்த சில நோய்களையும் காயம் போலவே கருதும் அட்டவணை ஒன்றும் அதில் உண்டு. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளிக்குத் தீங்கான தூசியை அகற்றும் பொறுப்பைத் தொழிற்சாலை நடத்துபவர் மேல் வைக்கின்றது. பேக்கரியும் தொழிற்சாலைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. பாஸுக்கும் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் தேடவில்லை.

2017 இல் எமது பேக்கரியில் இன்னொரு பையன் தும்மத் தொடங்கினான். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இம்முறை நான் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவில் எப்படி இருக்கின்றாய் என்று கேட்டேன். நல்லா ஈக்கிது என்றான். நெஞ்சில் சத்தம் வரும் வரை காத்திராமல் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, மா அறைப் பக்கமே போகாதபடி வெளி வேலைக்கு மாற்றினேன். இப்போது எமது வானில் கடைகளுக்குப் பாண் போடுவது அவன்தான். கூட்டில் அடைத்த பாணில் மாத்தூசி இல்லை. பம்ப் ஒன்றை அவன் கையில் நான் கண்டதில்லை.

தூசி எங்கிருந்து எழும்புகின்றது

அந்தக் கையோடு பேக்கரியின் உள்ளே ஒரு முழு இரவு நின்று பார்த்தேன். வருடக்கணக்காக முதலாளியாக இருந்தும் மா எழும்பும் நேரங்களை எண்ணிப் பார்த்தது அன்றுதான். மூடையை மிக்சருக்கு மேல் உயர்த்திப் பிடித்துக் கொட்டும்போது ஒரு மேகம். தண்ணீர் சேருமுன் மிக்சரை வேகமாக விடும்போது இன்னொன்று. மேசையில் ஒட்டாதிருக்கக் கைநிறைய மாவை விசிறும்போது ஒன்று. வேலை முடிந்து தும்புத்தடியால் கூட்டும்போது எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்தது சாக்கு உதறுவது. வெறும் சாக்குகளை விற்கலாம் என்பதால் பையன்கள் அவற்றைச் சுவரில் அடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாக்கில் கிடைப்பது ஒரு பிடி மா. அந்த ஒரு பிடி மாவுக்காகத்தான் பத்துப் பேர் தூசி குடித்தார்கள்.

பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. இப்போது மூடையை மிக்சர் சட்டிக்குள் தாழ்த்தி வைத்து வெட்டி மெதுவாக இறக்குகின்றார்கள். மிக்சருக்கு மூடி போட்டோம். மா நனையும் வரை மெதுவான வேகம், பிறகுதான் மற்றது. மேசைக்குக் கையால் விசிறுவதை நிறுத்தி அரிதட்டால் தூவுகின்றோம், பல இடங்களில் மாவுக்குப் பதிலாக எண்ணெய் தடவுகின்றோம். இம்புறூவரைத் தூளாக வாங்காமல் பசையாகக் கிடைக்கும்போது அதை வாங்குகின்றோம். வெறும் சாக்கை உதறாமல் சுருட்டுகின்றார்கள். தும்புத்தடிக்குப் பதில் ஈரத்துணி, அதோடு கைத்தொழில் வெக்குவம் ஒன்று. வீட்டில் பாவிக்கும் சாதாரண வெக்குவம் நுண்தூசியைப் பின்பக்கத்தால் திருப்பி ஊதிவிடும் என்பதால் நல்ல பில்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். மிக்சருக்கு மேல் தூசியை இழுக்கும் புகைக்கூண்டும் பேனும் போட்டேன். சுவரில் வெறுமனே ஒரு பேன் பூட்டினால் தூசி இவர் முகத்திலிருந்து அவர் முகத்துக்குத்தான் போகும். அந்தப் பிழையையும் ஒரு வருடம் செய்துதான் படித்தேன். பையன்களுக்கு மேல்மாடியை விட்டு வேறு அறை எடுத்துக் கொடுத்தேன்.

கணக்குக் கேட்பவர்களுக்குச் சொல்கின்றேன். வெக்குவம், பேன், மூடி எல்லாம் சேர்ந்த செலவு, பாஸ் போன பிறகு எட்டு மாதத்தில் நான் இழந்த கடைகளின் வியாபாரத்தோடு பார்க்கும்போது சிறிய தொகை. அந்த எட்டு மாதத்தில் மூன்று பாஸ்மார் வந்து போனார்கள். ஒருவர் அட்வான்ஸோடு போனார்.

மாஸ்க் கொடுத்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். 2020 இல் கொரோனா வந்த பிறகு எல்லோருக்கும் மாஸ்க் பழகிவிட்டது உண்மை. ஆனால் அந்த நீலத் துணி மாஸ்க் இந்த நுண்தூசியைத் தடுக்காது. என் 95 போன்றது வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். எமது பையன்களில் பலர் தாடி வைத்திருப்பவர்கள். தாடியின் மேல் எந்த மாஸ்க்கும் இறுக்கமாக நிற்காது, ஓரத்தால் தூசி போகும். தாடியை எடு என்று நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆகவே எங்களுக்கு மாஸ்க் கடைசி வழிதான், தூசியை எழும்பவிடாமல் செய்வதே முதல் வழி.

எவ்வளவு தூசி இருக்கலாம் என்பதற்கு நாடுகளிடையே ஒரே அளவு இல்லை. பிரித்தானியாவில் சட்ட எல்லை எட்டு மணித்தியாலச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 10 மில்லிகிராம். அமெரிக்கக் கைத்தொழில் சுகாதார வல்லுநர்களின் சங்கம் சிபாரிசு செய்வதோ 0.5 மில்லிகிராம்தான். இருபது மடங்கு வித்தியாசம். பத்துக்குக் கீழே இருந்தால் வருத்தம் வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை என்பதே இதன் பொருள். அதனால் முடிந்த மட்டும் குறைப்பது என்று வைத்துக்கொண்டிருக்கின்றேன்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது என்றும் சொல்லமாட்டேன். 2022 இல் டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் நாங்களும் பழைய விறகுப் போறணையைத் திரும்ப மூட்டினோம். மா விலை ஏறிய வேகத்தில் ஒரு நாள் உள்ளே போனால், பையன்கள் மீண்டும் சாக்கு உதறிக்கொண்டிருக்கின்றார்கள். வீண்போகக்கூடாது என்று அவர்களாகவே தொடங்கியது. விலை தெரிந்த எனக்கு அதைத் தடுக்க வாய் வர ஒரு நிமிடம் ஆயிற்று.

மா மட்டும்தான் என்றில்லை

இதை எழுதும்போது பேக்கரி இல்லாத வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடக்கூடாது. இந்த நாட்டிலேயே டொக்டர் சி.ஜி. ஊரகொட என்ற நெஞ்சுநோய் நிபுணர், தேயிலைத் தூசியால் தேயிலை தயாரிப்பவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970 இலும், கறுவாத் தொழிலாளர்களைப் பற்றி 1984 இலும் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதியிருக்கின்றார். அவர் பரிசோதித்த 40 கறுவாத் தொழிலாளர்களில் 9 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. எமது ஆட்கள் கைவைத்திருக்கும் வேறு தொழில்களிலும் இது உண்டு. கராஜில் இரண்டு டின் கலந்து அடிக்கும் ஸ்பிரே பெயின்ட், சலூனில் முடியை வெளுக்கச் செய்யும் பிளீச் தூள், தளபாடக் கடையில் மரத்தூள், எல்லாமே நெஞ்சைப் பிடிக்கக்கூடியவை. அங்கெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: லீவில் எப்படி இருக்கின்றது?

பாஸ் இப்போது ஊரில் ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கின்றார். மாவை நிறுத்து விற்பதில்லை, பக்கட்டில் வந்ததை மட்டும் விற்கின்றார். பம்ப் இன்னும் சட்டைப் பையில்தான். குறைந்திருக்கின்றது, போகவில்லை. முந்திய பெருநாளுக்குப் பிறகு மூத்த மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்திருந்தார். பேக்கரிக்குள் வரவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் நின்று போன் எடுத்தார். நான் தேத்தண்ணீரோடு அங்கே போனேன். குடித்துக்கொண்டே பேக்கரிப் பக்கம் பார்த்துவிட்டு, "சாக்க இன்னம் ஒதறுறானுகளா?" என்று கேட்டார்.

"இல்ல பாஸ். சுருட்டுறாங்க" என்றேன்.

போகும்போது இரண்டு றாத்தல் பாண் சூட்டோடு சுற்றிக் கொடுத்தேன். சுட்ட பாண் சாப்பிட்டால் அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. பஸ் வருமுன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்றார்.